ரிப்பீட்டும் உப்பும்: கடற்கரை வீட்டுக்கு ஒரு சுவர் டிசைன் பாடம்

கீழக்கரையிலோ தொண்டியிலோ புது வீடு கட்டுகிறவர்களிடம் ஹால் சுவருக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால் "டிசைன் போடுறோம்" என்பார்கள். ஒட்டுகிற வால்பேப்பர், தகடு வைத்து அடிக்கிற ஸ்டென்சில், ஆள் வந்து கையால் வரைகிற மயில், அச்சடித்து ஒட்டுகிற அருவிப் படம் எல்லாமே அந்த ஒரு வார்த்தைக்குள் வந்துவிடும். எல்லாம் சுவரில்தானே இருக்கிறது, அப்படியானால் எல்லாம் ஒன்றுதான் என்று விட்டுவிடுகிறோம். கடையின் மாதிரி ஆல்பத்தில் பார்த்தபோது மனதை அள்ளிய பூ, சுவரில் ஏறியதும் கண்ணை உறுத்துகிறது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அப்புறம் ஐப்பசி மழை முடிவதற்குள் அது அடியிலிருந்து பொரிந்து உரிய ஆரம்பித்தால், பெயிண்டர் ஏமாற்றிவிட்டார் என்று தெரு முழுக்கச் சொல்கிறோம்.

பெயிண்டரும் சில சமயம் ஏமாற்றுவார்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் விஷயம் வேறு. முதல் தொல்லைக்குக் காரணம் ரிப்பீட், இரண்டாவதற்குக் காரணம் உப்பு. இரண்டையும் ஓவியம் தெரியாதவர்கூட ஒரு சாயங்காலத்தில் புரிந்துகொள்ளலாம்.

படம் வேறு, டிசைன் வேறு

ராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசத்தை வெளியூர்க்காரர்கள் தேடி வந்து பார்க்கிறார்கள், பக்கத்துத் தெருவில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனதோடு சரி. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்து ஓவியங்கள் அவை. ராமாயணமும் பாகவதமும் வரிசையாக வருகின்றன, தஞ்சாவூர் மராட்டியரோடு நடந்த போர் வருகிறது, சேதுபதி ஐரோப்பியர்களைச் சந்திக்கிறார், ராஜராஜேஸ்வரி அம்மனிடமிருந்து செங்கோல் வாங்குகிறார். சுவரிலிருந்து மேல்விதானம் வரை இடைவெளியே விடவில்லை.

அங்கே நின்று பார்க்கும்போது நம் கண் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். ஒரு கட்டத்தில் நிற்கிறது, யார் யார் என்று படிக்கிறது, அடுத்ததுக்குப் போகிறது. ஒரு யானையை மறைத்துவிட்டால் போரில் பாதி போய்விடும். அதுதான் படம். அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, எதிரில் ஒன்றும் இருக்கக் கூடாது, பார்க்கிறவர் அதைப் பார்ப்பதற்காகவே வந்திருக்க வேண்டும். தர்பார் மண்டபத்துக்கு அது பொருந்தும்.

நம் ஹால் அப்படியா? சோபா மூன்றடியை மறைக்கும், டிவி நடுவில் உட்காரும், ஒரு பக்கம் ஜன்னல் திரை, இன்னொரு பக்கம் காலண்டர், இதற்கு நடுவில் சுவிட்ச் போர்டு. இப்படிப்பட்ட சுவரில் மயில் வரைந்தால் ஆறு மாதத்தில் அதன் கழுத்துக்கு முன்னால் ஃபிரிட்ஜ் வந்து நிற்கும். வீட்டுச் சுவருக்கு வேண்டியது எங்கே வெட்டினாலும் கெடாத ஒன்று. கதவு குறுக்கே வந்தாலும், அலமாரி மறைத்தாலும், மீதி இருப்பது தன் பாட்டுக்கு முழுசாகத் தெரிய வேண்டும். அதைத்தான் டிசைன் என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

இதற்கும் நம் கரையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. கீழக்கரையின் பழைய ஜும்ஆ பள்ளிவாசலில் கல்லில் செதுக்கிய பூவும் கொடியும் பாருங்கள். உருவம் இல்லை, கதை இல்லை. அதனால் எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்ற கேள்வியே வருவதில்லை.

சுருக்கமாக: படத்தைக் கண் படிக்கும். டிசைனுக்குள் கண் உலாவும். உங்கள் சுவரில் சாமான்கள் வரப்போகிறது என்றால் உங்களுக்குத் தேவை இரண்டாவது.

ரிப்பீட் என்றால் என்ன

மீன் வலையை எடுத்துக்கொள்ளுங்கள். வலை எத்தனை பாகம் நீளம் இருந்தாலும் அது ஒரே ஒரு கண்தான், திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு கண்ணைத் தெரிந்துகொண்டால் முழு வலையும் தெரிந்துவிடும். சுவர் டிசைனும் அதேதான். திரும்பத் திரும்ப வருகிற அந்தச் சின்னத் துண்டுக்கு வால்பேப்பர் கடைக்காரர்கள் சொல்கிற பெயர் ரிப்பீட். ரோலின் பின்னால் ரிப்பீட் 64 செ.மீ என்று போட்டிருந்தால், மேலிருந்து கீழே 64 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை அதே பூ, அதே இலை, அதே இடத்தில் வரும் என்று அர்த்தம்.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். தெரியாதது அடுத்தது. வலையை விரித்துப் பிடித்து இன்னொரு தடவை பாருங்கள். ஒரு வரிசைக் கண்ணுக்கு நேர் கீழே அடுத்த வரிசைக் கண் வருவதில்லை. மேல் வரிசையில் இரண்டு கண் சேரும் இடத்துக்குக் கீழேதான் அடுத்த கண் ஆரம்பிக்கும், அதாவது அரைக் கண் தள்ளி. அதனால் வலையில் குறுக்குக் கோடும் தெரியாது, நெடுக்குக் கோடும் தெரியாது, சாய்வாக ஓடும் கோடுகள் மட்டும் தெரியும். இப்படித் தள்ளாமல் கண்களை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினால் கிடைப்பது ஜன்னல் கம்பி.

டிசைனிலும் இந்த இரண்டு வகை உண்டு. ஒரு பட்டையில் பூ இருக்கும் அதே உயரத்தில் பக்கத்துப் பட்டையிலும் பூ வந்தால் அது நேர் ரிப்பீட். பக்கத்துப் பட்டை அரை ரிப்பீட் கீழே இறங்கி, ஒரு பட்டையின் பூவுக்குப் பக்கத்தில் மற்றதன் வெற்றிடம் வந்தால் அது அரை இறக்கம். கடையில் இதை ஹாஃப் டிராப் என்பார்கள். ரோல் லேபிளில் இரண்டு அம்புக்குறி நேருக்கு நேர் பார்த்திருந்தால் நேர் ரிப்பீட், ஒன்று ஏறி ஒன்று இறங்கி இருந்தால் ஹாஃப் டிராப். பெரும்பாலும் கீழே 64/32 என்ற மாதிரி இரண்டு எண்ணும் இருக்கும்.

ஆல்பம் ஏன் ஏமாற்றுகிறது

மனிதக் கண்ணுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எங்கே கோடு கிடைக்கும் என்று தேடிக்கொண்டே இருக்கும். ஒரே மாதிரி மூன்று பொருள் வரிசையில் இருந்தால் போதும், நடுவில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் கோடு போட்டுக்கொள்ளும். கடை ஆல்பத்தின் ஒரு பக்கத்தில் ரிப்பீட் முழுசாக ஒன்றுதான் வரும், மிஞ்சினால் ஒன்றரை. அதில் வரிசையே கிடையாது, ஆகவே கோடும் கிடையாது. பூ அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம். பன்னிரண்டடிச் சுவரில் அதே பூ ஏழு தடவை பக்கவாட்டில் வந்ததும் பூ காணாமல் போய்விடும், ஏழு சிவப்புப் புள்ளிகள் கொடி கட்டின மாதிரி குறுக்கே ஓடும். உறுத்துவது பூ இல்லை, அந்த வரிசை.

கடையில் நடக்கிற பேச்சு எப்போதும் இப்படித்தான். (காக்கா என்றால் இங்கே அண்ணன்.)

"தம்பி, இந்தப் பூ கொஞ்சம் பெருசா இருக்கே?"

"பாருங்க காக்கா, சுவத்துல போட்டா சின்னதாத்தான் தெரியும்."

அளவைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள், அடுக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். ஆல்பத்தை வாங்கி, போனில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, அதே படத்தை ஆறேழு தடவை பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். ஆப் இல்லாதவர்கள் ஜெராக்ஸ் எடுத்துத் தரையில் பரப்பி, பத்தடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிப் பார்க்கலாம். பாதி மூடிய கண்ணுக்குப் பூ தெரியாது, அடுக்கு மட்டும் தெரியும். கடையில் நின்று இப்படிச் செய்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

துண்டு எப்படித் தானாகச் சேர்கிறது

ரிப்பீட் என்றால் ஒரு பூவைக் காப்பி அடித்து அடுக்குவது என்று நினைத்தால் அது தப்பு. அப்படி அடுக்கினால் ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் விளிம்பு தெரியும், தரை டைல்ஸ் மாதிரி. நல்ல டிசைனில் ஒரு துண்டு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது, கம்ப்யூட்டர் வந்த பிறகும் அதே வழிதான். வீட்டில் பிள்ளைகளை வைத்துச் செய்து பாருங்கள்.

ஒரு ஏ4 தாளின் நடுவில் ஒரு பூ வரையுங்கள். விளிம்பைத் தொட வேண்டாம். இப்போது தாளை நடுவில் நெடுக்காக இரண்டாக வெட்டுங்கள், ஆமாம், பூவோடு சேர்த்துத்தான். இடது பாதியை வலப்பக்கமும் வலது பாதியை இடப்பக்கமும் மாற்றி வைத்து, பின்னால் செல்லோடேப் ஒட்டுங்கள். பாதிப் பூ இரண்டு ஓரத்துக்கும் போய்விட்டது, நடுவில் காலி இடம் வந்துவிட்டது. அந்தக் காலி இடத்தில், ஒட்டின கோட்டுக்குக் குறுக்கே ஒரு கொடியும் இலையும் வரையுங்கள். அப்புறம் அதே தாளைக் குறுக்காக வெட்டி, மேல் பாதியைக் கீழே மாற்றி ஒட்டி, புதிதாக வந்த காலி இடத்தையும் நிரப்புங்கள். முடிந்தது. இதை இருபது ஜெராக்ஸ் எடுத்து நாலு பக்கமும் ஒட்டினால் எங்கேயும் வெட்டுத் தெரியாது. ஓரத்தில் இருக்கும் பாதிப் பூ முதலில் ஒரே பூவாக இருந்தது, ஆகவே பக்கத்துத் துண்டின் மறு பாதியோடு அது சேர்ந்தே ஆக வேண்டும். ஹாஃப் டிராப்புக்கும் இதே வித்தைதான், மாற்றி ஒட்டும்போது ஒரு பாதியை அரை அளவு கீழே இறக்க வேண்டும். கொஞ்சம் கை பழகின பிறகு அதற்குப் போகலாம்.

இப்படித் துண்டுகளை நகர்த்தியும் திருப்பியும் புரட்டியும் ஒரு சமதளத்தை நிரப்புவதற்கு மொத்தம் 17 வழிதான் இருக்கிறது, 18-வது கிடையாது என்று 1891-ல் ஃபெடரோவ் என்ற ரஷ்யர் நிரூபித்துவிட்டார். நமக்கு இங்கே அந்தக் கணக்கு தேவையில்லை. ஆனாலும் உலகத்தில் உள்ள அத்தனை சுவர், சேலை, பாய், தரை எல்லாம் அந்தப் பதினேழுக்குள் அடங்குகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்ட ஒருவர்

வீட்டுச் சுவர் டிசைன் என்று பேச்சு வந்தால் வில்லியம் மாரிஸ் பெயர் வராமல் போகாது. 1834-ல் பிறந்து 1896-ல் இறந்த இங்கிலாந்துக்காரர். கல்யாணம் முடிந்து லண்டனுக்கு வெளியே ரெட் ஹவுஸ் என்று ஒரு வீடு கட்டினார், நண்பர் ஃபிலிப் வெப் அதற்கு வரைபடம் போட்டுக் கொடுத்தார். உள்ளே போட்டுக்கொள்ள நல்ல சாமான் கடையில் கிடைக்கவில்லை என்பதால் 1861-ல் நண்பர்களாகச் சேர்ந்து கம்பெனியே தொடங்கிவிட்டார்கள். வீடு கட்டுகிறவர்களுக்கு அந்த எரிச்சல் புரியும்.

அவர் வரைந்த முதல் வால்பேப்பர் 1862-ல், பெயர் டிரெல்லிஸ், அதாவது கொடிப் பந்தல் தட்டி. தோட்டத்தில் இருந்த மரத்தட்டியும் அதில் ஏறிய ரோஜாவும்தான் விஷயம். பறவைகளை மட்டும் வெப் வரைந்து கொடுத்தார். கட்டம் கட்டமான தட்டி, ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை, ரிப்பீட் அப்படியே வெளியே தெரியும். 1864-ல் விற்பனைக்கு வந்த டெய்சி டிசைனிலும் பூச்செடிகள் கொத்துக் கொத்தாகத் தனித்தனியே நிற்கும், எத்தனை கொத்துக்கு ஒரு ரிப்பீட் என்று குழந்தைகூட எண்ணிவிடும். அதற்குப் பதினோரு வருஷம் கழித்து, 1875-ல் வந்த அகாந்தஸைப் பாருங்கள். பெரிய பெரிய இலைகள் ஒன்றின் மேல் ஒன்று புரண்டு சுருண்டு போகின்றன. துண்டு எங்கே தொடங்குகிறது என்று நான் விரல் வைத்துத் தேடியிருக்கிறேன், கண்டுபிடிக்க நேரம் எடுக்கும். இலையின் வளைவே கண்ணை ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தள்ளிவிடுகிறது. சாய்வுக் கோடு உருவாகும் இடத்தில் எதிர்ச் சாய்வில் ஒரு தண்டு வந்து அதை உடைக்கிறது. என்னைக் கேட்டால் டெய்சியிலிருந்து அகாந்தஸ் வரை அவர் கற்றுக்கொண்டது முழுக்க இந்த மறைக்கும் வித்தைதான்.

அச்சடித்தது மெஷினில் இல்லை. ஜெஃப்ரி அண்ட் கோ என்ற லண்டன் அச்சகத்தில், மரக்கட்டையில் செதுக்கி, நிறத்தில் தோய்த்து, கையால் அழுத்தி. ஒரு நிறத்துக்கு ஒரு கட்டை, சில நிறத்துக்கு இரண்டு, ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது. அகாந்தஸுக்கு மட்டும் 30 கட்டைகள். அவர் விலை ஏன் ஏழைகளுக்கு எட்டவில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஒரு சின்ன எச்சரிக்கைக் கதையும் உண்டு. அந்தக் காலத்துப் பளிச்சென்ற பச்சை நிறமிகளில் ஆர்சனிக் என்ற விஷம் கலந்திருந்தது, மாரிஸின் ஆரம்பகாலத் தாள்களிலும் இருந்தது. ஆகவே பழைய பொருள் என்றாலே இயற்கையானது, நல்லது என்று நினைக்க வேண்டாம்.

இதுவரை சொன்னதைக் கூட்டினால்: டிசைன் என்பது ஒரு துண்டு, அந்தத் துண்டு தன் ஓரங்களில் தன்னோடே சேரும்படி வரையப்பட்டிருக்கும். நேராக அடுக்கினால் வரிசை தெரியும், அரை இறக்கி அடுக்கினால் வரிசை உடையும். கெட்டிக்கார ஓவியர் அதற்கு மேலும் போய்த் துண்டு இருப்பதையே மறைப்பார்.

சுவரில் ஏற்றும்போது

இங்கே இரண்டு நடைமுறை விஷயம். முதலில் கணக்கு. நம் ஊரில் கிடைக்கும் ரோல் பெரும்பாலும் 53 செ.மீ அகலம், 10 மீட்டர் நீளம், கடைக்காரர் 57 சதுர அடி என்பார். பன்னிரண்டடி அகலம், பதினோரு அடி உயரச் சுவர் 132 சதுர அடி. மூன்று ரோல் தாராளம் என்று தோன்றும். ஆனால் ரிப்பீட் 64 என்றால் 335 செ.மீ உயரத்துக்கு ஆறு ரிப்பீட் வெட்ட வேண்டும், 384 செ.மீ. ஒரு ரோலில் இரண்டு பட்டைதான் தேறும். சுவருக்கு ஏழு பட்டை வேண்டும். ஆக நாலு ரோல். பெரிய ரிப்பீட் என்றால் சேதாரம் கூடும், இது யாரும் ஏமாற்றுவதில்லை, டிசைனின் குணம்.

அடுத்தது தூக்குக்குண்டு. எந்தக் கொத்தனார் கட்டினாலும் மூலை நூல் பிடித்த மாதிரி நிற்காது, பழைய வீடு என்றால் கேட்கவே வேண்டாம். மூலையை நம்பி முதல் பட்டையை ஒட்டினால் நாலாவது பட்டையில் பூ சரிய ஆரம்பிக்கும். மூலையிலிருந்து கொஞ்சம் தள்ளித் தூக்குக்குண்டு விட்டு, சுண்ணாம்புக் கயிறு தட்டி, அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அறையைச் சுற்றி வந்து முடிக்கும் இடத்தில் கடைசிப் பட்டையும் முதல் பட்டையும் சேராது, சேரவே சேராது. அந்தச் சேராத இடத்தைக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பதுதான் ஆளின் கெட்டிக்காரத்தனம். வேலைக்கு வருகிறவரிடம் "எங்கே முடிப்பீங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வருகிற வேகத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

இனி உப்பு

மேலே சொன்னது லண்டனுக்கும் பொருந்தும், மதுரைக்கும் பொருந்தும். இது நம் கரைக்கு மட்டும்.

மண்டபத்திலோ பாம்பனிலோ தேவிபட்டினத்திலோ எந்த வீட்டிலும் தரையிலிருந்து ஓரடி, இரண்டடி உயரத்தில் சுவரைத் தடவிப் பாருங்கள். பெயிண்ட் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பியிருக்கும். நகத்தால் ஒன்றை உடைத்தால் உள்ளே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி, ஊசி ஊசியாக ஒரு தூள். நாக்கில் வைத்தால் கரிக்கும். சுவர் உப்பரித்துவிட்டது என்போம். பெயிண்ட் கெட்டுப்போனதால் உப்பு வரவில்லை, உப்பு வந்ததால் பெயிண்ட் கழன்றது. இந்த முன்பின் வரிசையைத்தான் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

நடப்பது இதுதான். செங்கல்லிலும் சாந்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் இருக்கின்றன. தரை ஈரம் அந்தத் துளைகள் வழியே தானாக மேலே ஏறும், இதற்குத்தான் ஓதம் என்று பெயர். நம் மண்ணில் ஏறுகிற தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை, உப்பைக் கரைத்துக்கொண்டு ஏறுகிறது. போதாததற்குச் சாந்து குழைத்ததும் பூச்சுக்குத் தண்ணீர் காட்டியதும் போர் தண்ணீரில், அது பல தெருக்களில் வாயில் வைக்க முடியாத உப்பு. காற்றிலும் உப்பு. ஓதம் ஏறும் வேகமும் சுவர் காய்கிற வேகமும் சமமாகிற உயரத்தில் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு மட்டும் போக வழியில்லாமல் அங்கேயே தங்கும். அதனால்தான் சேதம் பெரும்பாலும் ஒரு பட்டையாக, முழங்கால் இடுப்பு உயரத்தில் வருகிறது.

தங்கிய உப்பு சும்மா இருந்தால்கூடப் பரவாயில்லை. சமையல் உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துத் தானாகக் கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி கல்லாகும். மழை நாளில் அடுக்களை உப்பு ஜாடி கசிகிறதே, அதே கதை. கடலோரக் காற்று அந்தக் கோட்டை ஒட்டியேதான் திரிகிறது, விடியற்காலையில் மேலே, வெயில் ஏறினால் கீழே. ஏசி போட்ட அறையில் கேட்கவே வேண்டாம், போட்டால் காய்கிறது, அணைத்தால் ஊறுகிறது. ஒவ்வொரு தடவை உப்பு கல்லாகும்போதும் துளைக்குள் அது வளர்ந்து சுவரைப் பிளக்கப் பார்க்கிறது. சிமெண்ட் பூச்சையே பொடியாக்குகிற அந்த அழுத்தத்துக்கு முன்னால் ஒரு தாளும் பசையும் எம்மாத்திரம்?

இப்போது பிளாஸ்டிக் பூச்சு உள்ள வால்பேப்பரை அந்தச் சுவரில் ஒட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஈரம் வெளியே போக வழி இல்லை. தாளுக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும், உப்பு தாளைத் தள்ளிவிடும், இல்லையென்றால் ஓதம் இன்னும் மேலே ஏறித் தாள் முடிகிற இடத்தில் வெடிக்கும். மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டி ஓதத்தை அடக்கிவிட்டோம் என்று நினைத்த வீடுகளில் நாலாவது அடியில் உப்பு பூத்திருப்பதை எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள். "நல்ல கம்பெனி பெயிண்டா அடிச்சா ஓதம் நிக்கும்" என்பதும் அதே வகைப் பேச்சுதான். வாயை அடைத்தால் ஈரம் நிற்காது, வேறு இடத்தில் வாய் திறக்கும்.

சுருக்கமாக: தண்ணீர் உப்பைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறது, காற்றின் ஈரம் ஏறி இறங்க அந்த உப்பு கரைந்து கரைந்து உறைகிறது, உறையும்போது சுவரின் தோலைத் தள்ளுகிறது.

அப்படியானால் நாம் என்ன போடுவது

முதலில் சோதனை. ஓரடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, அந்தச் சுவருக்கு வால்பேப்பர் ஆகாது. வெளிப்பக்கம் மட்டும் வேர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தால் சரியாகலாம். புதுப் பூச்சு என்றால் ஒரு முழுக் கோடை காயாமல் எதையும் ஒட்ட வேண்டாம். குடிபுகும் தேதி குறித்தாகிவிட்டது என்பது சுவருக்குத் தெரியாது.

பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கழுவினால் கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, அள்ளி வெளியே கொட்ட வேண்டும்.

வால்பேப்பர்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டால் வெளிச்சுவரையும் பாத்ரூமை ஒட்டிய சுவரையும் விட்டுவிட்டு, மாடியில், உள் சுவர் ஒன்றில் மட்டும் போடுங்கள். கீழ்த்தளத்துக்கு நான் சொல்வது சுண்ணாம்பும் ஸ்டென்சிலும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும், உப்பு வந்தாலும் கொப்புளம் போடாமல் மேலே தூளாக உதிரும். ஸ்டென்சில் என்பது வேறொன்றுமில்லை, ரிப்பீட்டை ஒரு தகட்டில் வெட்டி எடுத்து, தகட்டை நகர்த்தி நகர்த்தி நிறம் அடிப்பது. மேலே சொன்ன ஏ4 தாள் வித்தையில் வந்த உங்கள் சொந்தப் பூவையே தகடாக்கலாம். தாளில் கோடு சேர்ந்திருந்தால் சுவரிலும் சேரும்.

நிறம் மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். சுண்ணாம்பின் காரம் பல சாயங்களைத் தின்றுவிடும், பளிச்சென்ற ரோஜா நிறம் அடுத்த வருஷம் சாம்பலாக நிற்கும். செங்காவி, மஞ்சள் காவி, கரிக்கறுப்பு, வெள்ளையடிக்கும்போது கலக்குகிற நீலம் இவை காரத்துக்கு அசையாதவை. நாலு நிறம் போதுமா என்றால், வெள்ளைச் சுவருக்கு இரண்டே போதும் என்பது என் கட்சி. வெளியே கண் கூசுகிற வெயிலிலிருந்து வீட்டுக்குள் வருகிறவருக்கு அதற்கு மேல் எதுவும் கண்ணில் ஏறாது.

டிசைனைத் தரையிலிருந்து தொடங்கவும் வேண்டாம். உப்பு விளையாடுகிற அந்த மூன்றடிக்கு வெறும் காவிப் பட்டை அடித்துவிட்டு, அதற்கு மேலே ரிப்பீட்டை ஆரம்பியுங்கள். காவிப் பட்டையை வருஷா வருஷம் வெள்ளையடிக்கும்போது ஒரு கை புதுப்பிக்க ஆள்கூட வேண்டாம், நீங்களே அடித்துவிடலாம்.

இதையெல்லாம் மீறி மேலே எங்காவது ஒரு கை அகலத்துக்கு உதிரத்தான் செய்யும். கையால் வரைந்த மயில் என்றால் வரைந்தவரைத் தேடிப் போக வேண்டும், அவர் இப்போது திருப்பூரில் இருப்பார். ரிப்பீட் என்றால் உதிர்ந்த இடத்தைச் சுரண்டி, காயவிட்டு, சுண்ணாம்பு தொட்டு, பக்கத்துப் பூவை வைத்து இடம் பார்த்து, அதே தகட்டை வைத்து ஒரே ஒரு தடவை அடித்தால் தீர்ந்தது. அதனால் வேலை முடிந்ததும் தகட்டைக் கழுவி, படுக்கப் போட்டுக் காயவைத்து, பீரோவுக்குப் பின்னால் நேராக நிற்க வையுங்கள், மடிக்காதீர்கள். ஒரு கிலோ சுண்ணாம்புக்கு எத்தனை கரண்டி காவி போட்டீர்கள் என்பதைத் தகட்டின் ஓரத்திலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள்.